திருவருகைக் காலத்தை வீட்டில் கடைப்பிடிப்பது எப்படி: முதல் ஞாயிறு தொடங்கி கிறிஸ்மஸ் இரவு வரை

கிறிஸ்மஸுக்கு முன் நான்கு ஞாயிறுகளோடு வரும் காத்திருப்புக் காலம்தான் திருவருகைக் காலம். பத்து ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழுவில்) அந்தக் காலச் செபத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஆர்வத்தோடு தொடங்கும் குடும்பங்களில் பாதி இரண்டாம் வாரத்தில் நின்றுவிடும். பக்தி குறைந்ததால் அப்படி ஆவதில்லை. கடைசியில் வர வேண்டியவை முதலில் வந்துவிடுகின்றன. டிசம்பர் முதல் வாரத்திலேயே ஸ்டார், குடில், கேரல், கேக் எல்லாம் வந்துவிட்டால் காத்திருக்க என்ன மிச்சம்?

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். கத்தோலிக்கக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) பற்றிய பகுதியை விட்டுவிட்டால் சி.எஸ்.ஐ., லுத்தரன் வீடுகளுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

1. தேதியைக் கணக்கிட்டுக் குறியுங்கள்

திருவருகைக் காலம் டிசம்பர் 1 அன்று தொடங்குவதில்லை. கிறிஸ்மஸுக்கு முந்தைய ஞாயிறுகளைப் பின்னோக்கி எண்ணுங்கள். நான்காவதாக வருவதுதான் முதல் ஞாயிறு. டிசம்பர் 25 தானே ஞாயிறாக இருந்தால் அதைச் சேர்க்கக் கூடாது. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில்தான் எப்போதும் விழும். 2026இல் நவம்பர் 29, 2027இல் நவம்பர் 28.

நாட்களின் எண்ணிக்கை மாறும் என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன். நீண்ட ஆண்டில் 28 நாள் கிடைக்கும், குறுகிய ஆண்டில் 22 நாள்தான். 2028இல் நான்காம் ஞாயிறே டிசம்பர் 24; அன்று இரவே கிறிஸ்மஸ் பூசை. கடையில் விற்கும் 24 கதவு நாள்காட்டியை நம்பி முதல் ஞாயிறைத் தவறவிடாதீர்கள்.

டிசம்பர் 16, 17 இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போடுங்கள். 16 வரை திருவழிபாடு கிறிஸ்துவின் இரண்டாம் வருகையைப் பார்க்கச் சொல்கிறது. 17 முதல் பெத்லகேமை நோக்கித் திரும்புகிறது. முதல் ஞாயிறு கோவிலுக்குப் போய், குழந்தை இயேசுவைப் பற்றிக் கேட்க நினைத்தவர்கள், "விழிப்பாயிருங்கள்" என்று உலக முடிவைப் பற்றிய நற்செய்தியைக் கேட்டுக் குழம்புவது இது தெரியாததால்தான்.

2. நவம்பரிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

தையற்கடையில் துணி கொடுப்பது முதல் வேலை. டிசம்பரில் கொடுத்தால் 23ஆம் தேதி இரவு தையற்காரர் கடை வாசலில் நிற்பீர்கள். வெளியூர்ப் பயண டிக்கெட், வெள்ளையடிப்பு, புத்தாடை வாங்குவது எல்லாம் முதல் ஞாயிறுக்கு முன் முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் இரண்டாம் வாரம் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பங்கில் கேட்டு இரண்டு தேதிகளை எழுதி வையுங்கள்: கேரல் பவனி உங்கள் தெருவுக்கு வரும் நாள், கிறிஸ்மஸுக்கு முந்தைய ஒப்புரவு வழிபாடு (பங்கு மக்கள் சேர்ந்து பாவசங்கீர்த்தனம் செய்வது) நடக்கும் நாள். இரண்டும் தெரியாமல் மாலைச் செபத்துக்குத் திட்டம் போட்டால் நடுவில் உடையும்.

பலகாரத்தை 20 முதல் 22 தேதிக்குள் ஒதுக்குங்கள். முறுக்கும் அதிரசமும் அந்த மூன்று நாளில் முடிந்துவிட்டால் 24 அன்று அடுப்படியில் யாரும் தவித்துக்கொண்டிருக்க வேண்டாம். இந்தக் காலம் முழுக்க வீட்டுப் பெண்களின் முதுகில் ஏறினால் அந்த வீட்டில் செபம் நடக்காது. பிழிவதற்கும் சுடுவதற்கும் ஆண்களும் உட்காரட்டும்.

3. வளையம் தயார் செய்வது

இலைகள் சூழத் திரிகளை வட்டமாக நட்டு, ஞாயிறுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவதுதான் திருவருகை வளையம். நான்கு மெழுகுதிரிகள் வேண்டும்: மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். நடுவில் வெள்ளைத் திரி ஒன்று, கிறிஸ்மஸுக்கு. ஊதாத் திரி கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியின் அடியில் ஊதா ரிப்பன் கட்டினால் போதும். ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு. அன்று கோவிலில் குருவும் அந்த நிறத்தில் திருவுடை அணியலாம். அது மகிழ்ச்சியின் ஞாயிறு.

தடித்த திரியாக வாங்குங்கள். முதல் திரி எல்லா நாளும் எரியும். நாளுக்கு 15 நிமிடம் என்றாலும் 26 நாளில் ஆறரை மணி நேரம் ஆகிறது. ஒல்லியான திரி பாதியில் தீர்ந்துவிடும், அப்புறம் புதுத் திரி வைத்தால் வாரம் வாரமாகத் திரிகளுக்குள் வரும் அந்த உயர வேறுபாடு போய்விடும். நாள் கழிவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது அந்த உயரத்தில்தான்.

வட்டமான தாம்பாளத்தில் ஈர மணல் பரப்பித் திரிகளை நடுங்கள். சுற்றிலும் மாவிலையோ குரோட்டன் இலையோ வைத்து வாரம் ஒருமுறை மாற்றுங்கள். சவுக்குக் கிளை அழகாக இருக்கும், ஆனால் காய்ந்தால் தீப்பிடிக்கும். திரிக்கு அருகில் வேண்டாம். எதுவும் கிடைக்காத வீட்டில் நான்கு அகல் விளக்கு போதும். கார்த்திகை மாதமாதலால் எந்தத் தெருவிலும் விற்பார்கள்.

வளையத்தோடு ஒரு காலி டப்பாவும் வையுங்கள். முதல் நாள் முதல் தினம் ஒரு பிடி அரிசி அதில் போட வேண்டும்; திறப்பது மூன்றாம் வாரத்தில்.

4. மாலைச் செபத்தின் ஒழுங்கு

நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். "முடியும்போது செய்வோம்" என்று சொன்ன வீடுகளில் செபம் நான்கு நாள் தாண்டி நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் டியூஷன் முடிந்து வந்து, சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கும் முன் உள்ள கால் மணி நேரம் பெரும்பாலான வீடுகளுக்குச் சரிப்படும். சாப்பிட்ட பின் என்றால் சின்னவர்கள் தூங்கிவிடுவார்கள்.

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள், பிறகு டியூப்லைட்டை அணையுங்கள். விசிறிக் காற்றில் திரி நிற்காது என்பது ஒரு பக்கம். ஒரு நிமிடமாவது இருட்டில் உட்கார வேண்டும் என்பதுதான் பெரிய காரணம். வெளிச்சத்தில் ஏற்றிய திரி அலங்காரமாக நின்றுவிடும். இருட்டில் உட்கார்ந்த பிள்ளைக்குத்தான் அது வேண்டும் என்று தோன்றும்.

ஏற்றுபவர் வாரத்துக்கு ஒருவர். எங்கள் வீட்டில் முதல் வாரம் கடைக்குட்டி, இரண்டாம் வாரம் மூத்த பிள்ளை, மூன்றாம் வாரம் அம்மா, நான்காம் வாரம் அப்பா. முன்பே முடிவு செய்யாவிட்டால் தீப்பெட்டிக்குச் சண்டை வரும்.

பிறகு சிலுவை அடையாளம், வாசகம், ஒரு நிமிட மௌனம், ஆளுக்கு ஒரு வேண்டுதல், கர்த்தர் கற்பித்த செபம். கடைசியில் எல்லாரும் சேர்ந்து "ஆண்டவராகிய இயேசுவே, வாரும்" என்று மூன்று முறை. திருவெளிப்பாட்டின் கடைசி வரிகளில் உள்ள இந்தச் சிறு மன்றாட்டிலேயே இந்தக் காலம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளையும் இரண்டாம் நாளில் சொல்லிவிடும்.

டிசம்பர் 16 வரை தினம் ஒரு புதுப் பகுதி தேட வேண்டாம். முதல் வாரம் முழுக்க எசாயா 2:1-5, இரண்டாம் வாரம் 40:1-11, மூன்றாம் வாரம் 35:1-10. ஒரே பகுதியை ஆறேழு நாள் கேட்டால் அலுக்காதா என்று கேட்பார்கள். மூன்றாம் நாள் கொஞ்சம் அலுக்கும். ஐந்தாம் நாள் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். வாளைக் கலப்பைக் கொழுவாக அடிப்பது, பள்ளத்தாக்கை நிரப்பி வழி செய்வது, காலூனமுற்றவர் மான்போலத் துள்ளுவது எல்லாம் அவர்கள் பேச்சில் வரத் தொடங்கும்.

அதிகம் நடக்கும் தவறு முதல் நாளே நிறையச் சேர்ப்பது: செபமாலை முழுவதும், இரண்டு பாட்டு, ஒரு பிரசங்கம். முதல் நாள் 40 நிமிடம் ஓடினால் மூன்றாம் நாள் ஆளுக்கொரு வேலை வந்துவிடும். 15 நிமிடத்தைத் தாண்டாதீர்கள். செபமாலை சொல்லும் பழக்கம் ஏற்கெனவே இருந்தால் அது தன் நேரத்தில் தனியாக நடக்கட்டும்.

5. முதல் வாரம்: ஒன்றைக் குறையுங்கள்

கோவிலின் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றாக வரும்; அதில் எந்த ஆண்டானாலும் முதல் ஞாயிறு நற்செய்தி விழிப்பைப் பற்றியதுதான். கவனம் சிதறிக் கிடக்கும்போது விழிப்பாக இருக்க முடியாது. எனவே முதல் வாரத்தில் எதையும் கூட்டாமல் ஒன்றைக் குறையுங்கள்.

ஒவ்வொருவரும் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும்: இரவு ஒன்பதுக்கு மேல் கைப்பேசி இல்லை, ஒரு சீரியல் இல்லை, வெள்ளிக்கிழமை மாமிசம் இல்லை. தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் பின்பற்றும் இலத்தீன் வழிபாட்டு முறையில் தவக்காலத்தைப் போல இந்தக் காலத்துக்குக் கட்டாய நோன்பு கிடையாது. ஆனால் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள சீரோ மலபார் (கிழக்கத்திய வழிபாட்டு முறைக் கத்தோலிக்க) குடும்பங்கள் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பு இருப்பார்கள். அவர்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் காலைச் சாப்பாட்டின் ருசியைக் கேட்டுப் பாருங்கள்.

ஸ்டார் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். பக்கத்து வீட்டில் தொங்குகிறதே என்பார்கள். கட்டித் தொங்கவிடுங்கள், ஆனால் பல்பு போடுவது 17ஆம் தேதிதான் என்று சொல்லிவிடுங்கள். இருட்டாகத் தொங்கும் ஸ்டாரைப் பார்த்துப் பார்த்து நாளை எண்ணுவார்கள்.

இந்த வாரத்தில்தான் டிசம்பர் 3, புனித சவேரியார் திருநாள் வருகிறது. நாகர்கோவில் பக்கம் கோட்டாறு திருவிழா. டிசம்பர் 8 அமலோற்பவ மாதா பெருவிழா. அந்த நாட்களில் குறைத்ததைத் தளர்த்தலாம். திருநாளில் முகம் வாடி நிற்பது இந்தக் காலத்தின் நோக்கமல்ல.

6. இரண்டாம் வாரம்: முதலில் மனிதரிடம், பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு

இந்த வாரத்தை அவசரப்படாமல் செய்யுங்கள். திருமுழுக்கு யோவான் வரும் வாரம் இது. மனம் மாறுங்கள் என்ற அவர் குரலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

ஒவ்வொரு குடும்பத்திலும் பேச்சுவார்த்தை இல்லாத ஒருவர் இருப்பார். வரப்புத் தகராறு, நகைப் பங்கு, கல்யாண வீட்டில் முறையாக அழைக்கவில்லை என்ற வருத்தம். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரரோடு நல்லுறவு செய்துகொள் என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லும் வரிசை இந்த வாரத்துக்கானது.

முதல் மூன்று நாள் மாலைச் செபத்தில் அவர் பெயரை உரக்கச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். மனத்துக்குள் சொல்வது போதாது. வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர் எல்லார் காதிலும் விழ வேண்டும். முதல் நாள் தொண்டை அடைக்கும். மூன்றாம் நாள் அது மறுபடியும் ஒரு சொந்தக்காரரின் பெயராகிவிடும்.

நான்காம் நாள் போன் செய்யுங்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். நிலத்தைப் பற்றி, கேஸைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அதைத் தீர்ப்பதற்கு வேறு நாள் இருக்கிறது. இன்று கதவைத் திறந்தால் போதும்.

இங்கே மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் படம் அனுப்பிவிட்டுச் சமாதானம் ஆகிவிட்டதாக நினைப்பது. ஒரு வார்த்தையும் முன்பே பேசாமல் கிறிஸ்மஸ் அன்று கேக்கோடு வாசலில் போய் நிற்பது. வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போது அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. மூன்றாவது, யார் செய்தது தப்பு என்று தொடங்குவது.

எங்கள் சித்தப்பா வீட்டோடு ஏழு ஆண்டுகள் பேச்சில்லை. ஒரு திருவருகைக் காலத்தில் நான் போன் செய்தபோது அவர் எடுத்தார், யாரென்று தெரிந்ததும் வைத்துவிட்டார். அன்று இரவு முழுக்க எனக்கு அழுகை. பெயரைச் சொல்லி வேண்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு அதே வாரத்தில் அவரே கூப்பிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டாலும் உங்கள் பங்கை நீங்கள் செய்துவிட்டீர்கள். அந்த மனத்தோடு பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாம்.

பாவசங்கீர்த்தனத்தை 23, 24க்குத் தள்ளாதீர்கள். வரிசை வாசல் வரை நிற்கும், குருவும் களைத்திருப்பார், உங்களுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். இரண்டாம் வாரம் சனிக்கிழமை மாலை போனால் நிதானமாகப் பேசலாம்.

பழைய ஞானோபதேசத்தில் (மறைக்கல்வியில்) படித்த ஐந்தையும் அந்த வரிசையிலேயே செய்யுங்கள்: ஆத்தும சோதனை (செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பது), மனஸ்தாபம் (அவற்றுக்காக வருந்துவது), பிரதிக்கினை (இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுப்பது), பாவத்தைச் சொல்வது, அபராதம் தீர்ப்பது (குரு சொல்லும் பரிகாரத்தைச் செய்வது). ஆத்தும சோதனையை முந்தின இரவு வீட்டில் முடித்துவிடுங்கள். கோவில் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தால் போன முறை சொன்னதையே மறுபடி சொல்வோம். ரொம்ப நாள் போகாதவர்கள், "எத்தனை ஆண்டு ஆனதென்றே தெரியவில்லை ஃபாதர், உதவி செய்யுங்கள்" என்று தொடங்கலாம். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

7. மூன்றாம் வாரம்: டப்பாவைத் திறப்பது

அந்தக் காலி டப்பா பிடி அரிசிக்கு. முதல் நாள் முதல், சோற்றுக்கு அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்து அதில் போட்டு வாருங்கள். நம் பாட்டிமார் செய்த பழக்கம்தான். மிஞ்சியதைக் கொடுப்பதற்கும் அளந்ததிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. தினம் ஒரு பிடி குறைவதை வீடு உணர வேண்டும்.

மூன்றாம் ஞாயிறுக்குப் பிறகு டப்பாவோடு பருப்பு, எண்ணெய், ஒரு புதுப் போர்வை சேர்த்துக் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓயாத நாட்கள் இவை. ஒழுகும் கூரைக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கேக்கைவிடப் போர்வை உதவும். யாருக்குக் கொடுப்பதென்று, ஏழைகளுக்கு உதவும் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையிடம் கேளுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போங்கள், போட்டோ எடுக்காதீர்கள்.

குடிலுக்கான வேலையும் இந்த வாரம் தொடங்கலாம். தட்டில் மண் போட்டுக் கேழ்வரகு விதைத்தால் 24ஆம் தேதிக்குள் பச்சைப் புல் தயார். தீவனத் தொட்டியைக் காலியாக வைத்து, பிள்ளைகள் பிறருக்கு உதவும் ஒவ்வொரு முறையும் ஒரு வைக்கோல் போடட்டும். யார் எத்தனை போட்டார்கள் என்று எண்ண வேண்டாம். எண்ணத் தொடங்கினால் அது பந்தயமாகிவிடும்.

8. டிசம்பர் 17 முதல் 24 வரை: எட்டு நாட்கள்

17 அன்று எசாயாவை மூடிவிட்டு, திருப்பலியின் நற்செய்திகளையே வீட்டிலும் படியுங்கள். இந்த வரிசை ஆண்டுதோறும் மாறாது. 17: மத்தேயு 1:1-17. 18: மத்தேயு 1:18-24. பிறகு லூக்கா முதல் அதிகாரம்: 19 அன்று 5-25, 20 அன்று 26-38, 21 அன்று 39-45, 22 அன்று 46-56, 23 அன்று 57-66, 24 அன்று 67-79. நடுவில் வரும் நான்காம் ஞாயிறு கோவிலில் வேறு வாசகம் இருக்கலாம். வீட்டில் தொடரை விடாதீர்கள். 2026இல் டிசம்பர் 20 ஞாயிறு, மூன்று ஆண்டுச் சுற்றில் இரண்டாம் ஆண்டு வாசகம்; கோவிலிலும் வீட்டிலும் அதே பகுதி வரும்.

17ஆம் தேதி வரும் தலைமுறை அட்டவணையை வெறும் பெயர்ப் பட்டியல் என்று பலர் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். பதினான்கு பதினான்காக மூன்று பகுதி. ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துப் படியுங்கள். தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி, மரியா என்று பெண்கள் வரும் இடத்தில் நிறுத்துங்கள். முடித்ததும் உங்கள் தாத்தா பாட்டி, அவர்களுடைய பெற்றோர் என்று தெரிந்தவரை பெயர்களைச் சொல்லுங்கள். காத்திருந்து போனவர்களின் வரிசையில்தான் நாமும் உட்கார்ந்திருக்கிறோம் என்று பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

18 அன்று யோசேப்பு. நற்செய்தி முழுவதிலும் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. தூங்கி எழுந்து சொன்னதைச் செய்கிறார். 19 அன்று திருமுழுக்கு யோவானின் தந்தை செக்கரியா பேச முடியாமல் போகிறார். அன்று வாசகத்துக்குப் பின் ஒரு நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடம் மௌனமாக இருங்கள். 21 அன்று மரியா மலைநாட்டுக்கு விரைகிறார். தெருவில் நிறைமாதமாக இருக்கும் பெண்ணையோ தனியாக இருக்கும் முதியவரையோ போய்ப் பாருங்கள்.

17 முதல் 23 வரை, திருச்சபையின் மாலை வழிபாட்டில் மரியாவின் பாடலோடு நாளுக்கு ஓர் அழைப்பு சேரும். அதையே நீங்களும் தொடக்கத்தில் சொல்லலாம்: ஞானமே, தலைவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் மன்னரே, இம்மானுவேலே. ஒவ்வொன்றின் முடிவிலும் "வாரும்". இந்த ஏழு அழைப்பையும் ஏழு காகிதத்தில் எழுதிச் சுவரில் நாளுக்கு ஒன்றாக ஒட்டுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கேரல் பவனி நாளில் செபத்தை விட்டுவிடாமல், கிளம்பும் முன் ஐந்து நிமிடம் திரியை ஏற்றிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து செய்வதாகச் சொன்னால் நடக்காது.

9. இடையில் விட்டுப்போனால்

ஒரு சாவு வீடு, காய்ச்சல், இரவுப் பணி என்று நான்கு நாள் போய்விடலாம். விட்டதைச் சேர்த்துப் படிக்காதீர்கள். இன்று என்ன தேதியோ அந்த நாளிலிருந்து தொடருங்கள். கடன் அடைப்பதுபோல் ஒரே மாலையில் நான்கு வாசகம் படித்த வீடுகள் ஐந்தாம் நாள் திரும்ப வருவதில்லை.

விடுதியிலோ வெளிநாட்டிலோ தனியாக இருப்பவர்கள் ஒரே ஒரு திரி வைத்து, வீட்டார் செபிக்கும் நேரத்திலேயே அதே பகுதியைப் படிக்கலாம். விடுதியில் நெருப்புக்கு அனுமதி இல்லையென்றால் சிறு பேட்டரி விளக்கு போதும்.

10. டிசம்பர் 24

மதியத்துக்குள் அடுப்படி வேலை முடியட்டும். பிள்ளைகள் மாலையில் இரண்டு மணி நேரம் தூங்கட்டும். இல்லையென்றால் நள்ளிரவுப் பூசையில் மடியில் சாய்ந்துவிடுவார்கள். நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும், எனவே இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கே.

மாலையில் நான்கு திரியும் ஏற்றி, செக்கரியாவின் பாடலைப் படியுங்கள். ஒன்பது மாதம் பேசாதிருந்தவர் வாயிலிருந்து வருகிற பாட்டு அது. இன்று யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

குடிலில் எல்லாச் சுரூபங்களும் இருக்கலாம், குழந்தை மட்டும் இப்போது வேண்டாம். குடில் கட்டிய அன்றே குழந்தையைப் படுக்கவைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள்.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் டியூப்லைட்டைப் போடாதீர்கள். புதுத் துணியோடு எல்லாரும் இருட்டில் வளையத்தைச் சுற்றி நில்லுங்கள். முதலில் நடுவில் உள்ள வெள்ளைத் திரி. அந்த வெளிச்சத்தில் கடைக்குட்டி குழந்தை இயேசுவை எடுத்து வந்து, பிள்ளைகள் சேர்த்த வைக்கோலின் மேல் கிடத்தட்டும். ஒரு பாட்டு பாடுங்கள், எது தெரியுமோ அது. அப்புறம் விளக்கைப் போட்டுக் கேக்கை வெட்டுங்கள்.